குரல்களால் கட்டிய பாடல்

கேள்வி: கோவையில் கல்லூரியில் படித்த நாட்களில் இலங்கை வானொலியின் ஆங்கில ஒலிபரப்பில் கேட்டு மயங்கிய, ‘டென் சிசி’ என்ற ஆங்கிலேய இசைக்குழுவின் ‘ஐயம் நாட் இன் லவ்’ பாடலின் பின்னணியில் விம்மும் கூட்டுக்குரல் யாருடையது? இன்றும் அதைக் கேட்டால் நெஞ்சு நெகிழ்கிறது.
வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: அது தேவாலயப் பாடகர் குழு அன்று. 1975-இல் வெளியான அப்பாடலுக்காக, இங்கிலாந்தின் ஸ்டாக்போர்ட் நகர ஸ்டுடியோவில் குழுவினர் மூவர் ஒவ்வொரு சுரத்தையும் 16 முறை பாடிப் பதிந்து, சுரத்துக்கு 48 குரல்களாக அடுக்கி, அந்த ஒலிநாடாக்களை முடிவின்றிச் சுழலும் வளையங்களாக ஒட்டி, ஒலிகளை ஏற்றி இறக்கிக் கலக்கும் ஒலிக்கலவை மேசையையே ஓர் இசைக்கருவியாக இயக்கினார்கள். எத்தனை பொறுமை வேண்டியிருந்திருக்கும்! நடுவே பேசும் பெண், அந்த ஸ்டுடியோவின் வரவேற்பாளர். குழுவின் பாடகர் எரிக் ஸ்டூவர்ட் காதலை மறுத்துப் பாடப் பாட, மூச்சே விடாத அந்தக் குரல்திரள் அம்மறுப்பை நம்மை நம்பவிடாமல் செய்வதால்தான் பாடல் இவ்வளவு வலிக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.