அச்சே உடன்பாடு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: 2004 டிசம்பர் ஆழிப்பேரலைதான் இந்தோனேசியாவின் அச்சே மாநிலத்தில் அமைதியைக் கொண்டுவந்தது என்கிறார்களே, உண்மையா ஐயா?

பதில்: பாதி உண்மை. அலை வருவதற்கு முன்பே துணைக் குடியரசுத் தலைவர் யூசுப் கல்லாவின் தூதர்கள் தனிநாடு கேட்டு ஆயுதமேந்திப் போராடிய சுதந்திர அச்சே இயக்கத்தாருடன் திரைமறைவில் பேசத் தொடங்கியிருந்தனர். 2003 மே முதல் நடந்த இராணுவ நடவடிக்கையில் இயக்கமும் களைத்திருந்தது. கௌரவம் குறையாமல் இரு தரப்பும் மேசைக்கு வருவதற்குப் பேரழிவு ஒரு காரணத்தைத் தந்தது. அதே அலை தாக்கிய இலங்கையிலோ, நிவாரணப் பகிர்வுக்காக அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே 2005 ஜூனில் கையெழுத்தான பொதுக் கட்டமைப்பு மறு மாதமே உச்ச நீதிமன்றத்தின் இடைக்காலத் தடையால் முடங்கியது.

கேள்வி: முந்தைய முயற்சி தோற்ற இடத்தில், 2005 உடன்பாட்டின் நடுவர் மார்ட்டி அதிசாரி எப்படி வென்றார்?

பதில்: பேச்சின் வரிசையை மாற்றினார். 2002 டிசம்பரில் ஹென்றி டுனான்ட் மையம் என்ற சமரச அமைப்பின் முயற்சியால் ஜெனீவாவில் கையெழுத்தான உடன்பாடு, முதலில் போர்நிறுத்தம், அரசியல் பிறகு என்ற முறையில் அமைந்தது. ஆறு மாதங்கள்கூட நிலைக்கவில்லை. பின்லாந்தின் முன்னாள் குடியரசுத் தலைவரான அதிசாரியோ, 2005 ஜனவரியில் ஹெல்சின்கியில் பேச்சைத் தொடங்கியபோதே, தனிநாடு என்பது பேசுபொருள் அல்ல என்றும், எல்லாவற்றிலும் இணக்கம் ஏற்படாதவரை எதிலும் இணக்கம் ஏற்பட்டதாகக் கொள்ள முடியாது என்றும் வரையறுத்துவிட்டார். நடுவர் என்றால் இனிக்க இனிக்கப் பேச வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு அவர் ஏமாற்றமே அளிப்பார்.

கேள்வி: கடைசிவரை இழுத்த சிக்கல் எது?

பதில்: உள்ளூர்க் கட்சிகள். நாட்டின் பாதிக்கு மேற்பட்ட மாநிலங்களில் கிளைகள் உள்ள கட்சியே தேர்தலில் நிற்கலாம் என்பது அப்போதைய இந்தோனேசியச் சட்டம். அச்சேவுக்கு விலக்களித்தால், பிரிவினைக் கோரிக்கை உள்ள பாப்புவாவும் கேட்கும் என்று ஜகார்த்தா அஞ்சியது. ஓராண்டுக்குள், மிஞ்சினால் 18 மாதங்களுக்குள், அச்சே சார்ந்த கட்சிகளுக்கு வழி செய்யப்படும் என்ற வாக்குறுதியோடு 2005 ஆகஸ்ட் 15 அன்று உடன்பாடு கையெழுத்தானது. அதற்கிடையே வந்த 2006 டிசம்பர் தேர்தலில் சுயேச்சையாக நின்று ஆளுநரானவர் இர்வாண்டி யூசுப்: கிளர்ச்சிக் குற்றத்துக்காகப் பண்டா அச்சேவில் அடைக்கப்பட்டிருந்து, ஆழிப்பேரலை சிறைக்குள் புகுந்தபோது தப்பியவர்.

கேள்வி: ஆயுதங்கள்?

பதில்: இயக்கம் ஒப்படைத்தது 840 ஆயுதங்கள், நான்கு கட்டங்களில். ஒவ்வொரு கட்டத்துக்கும் இணையாக, அச்சேவுக்கு வெளியிலிருந்து வந்த அரசுப் படைகளும் விலகின. ஐரோப்பிய ஒன்றியமும் ஆசியான் நாடுகள் ஐந்தும் கண்காணித்தன.

கேள்வி: உடன்பாடு சொன்னபடி எரிவாயு வருவாயில் 70 விழுக்காடு அச்சேவுக்குக் கிடைத்ததா?

பதில்: எழுத்தில் கிடைத்தது, ஆனால் அச்சேவின் அருண் எரிவாயு வயல் அப்போதே வற்றிக்கொண்டிருந்தது. அச்சேவைத் தாங்கியது 2008 முதல் மத்திய அரசு வழங்கிவரும் சிறப்புத் தன்னாட்சி நிதிதான். மாநிலங்களுக்கும் மாவட்டங்களுக்கும் மத்திய அரசு பகிரும் தேசியப் பொது ஒதுக்கீட்டு நிதியில் 2 விழுக்காட்டுக்கு இணையாக இருந்த அத்தொகை 2023 முதல் 1 விழுக்காடாகக் குறைந்திருக்கிறது. 2006ஆம் ஆண்டின் அச்சே ஆட்சிச் சட்டப்படி 2027உடன் அதுவும் முடிகிறது.