மூக்கைத் தொட்டுப் பாருங்கள்: முகக் குவளைகள், கேள்வி-பதில்

வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன: "அடியில் இப்படி எழுதியிருக்கிறது, இது எந்த வருஷத்தது?" எழுத்தைப் பற்றியும் சொல்கிறேன். ஆனால் குவளையைக் கவிழ்ப்பதற்கு முன்னால் கொஞ்ச நேரம் அதன் முகத்தைப் பாருங்கள்.

என்னிடம் தோள் வரை மட்டும் உள்ள ஒரு கிழவர் குவளை இருக்கிறது. விற்றவர் 'டோபி ஜக்' என்றார். நண்பர் இல்லவே இல்லை என்கிறார். யார் சொல்வது சரி?

நண்பர்தான். டோபி என்றால் முழு ஆள். மூன்று முனைத் தொப்பி, நீண்ட கோட்டு, முழங்காலில் நுரை ததும்பும் குவளை, உட்கார்ந்த கோலம். தொப்பியின் முனை வழியாக ஊற்ற வேண்டும். இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயர் குயவர்கள் 1760களில் இதைச் செய்யத் தொடங்கினார்கள். தலையும் தோளும் மட்டும் இருந்தால் அது கேரக்டர் ஜக். அதற்கு மவுசு வந்தது 1934ல், ராயல் டௌல்டன் நிறுவனத்தில் சார்லஸ் நோக் 'ஜான் பார்லிகார்ன்' என்ற முகத்தை வடித்த பிறகு. விற்பவர்கள் பலர் இரண்டையும் டோபி என்றே சொல்வார்கள், அதில் ஏமாற்று எதுவும் இல்லை.

பெயர் வந்த கதை ரசமானது. 1761ல் வெளியான ஒரு குடிப்பாட்டில் டோபி ஃபில்பாட் என்று ஒரு மொடாக்குடியர் வருகிறார். செத்து மண்ணோடு மண்ணாகிறார். அந்த மண்ணை எடுத்து ஒரு குயவர் குவளை செய்துவிடுகிறார்! எல்லா டோபியும் ஆண் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிரைட்டன் கடற்கரையில், குளிக்க வருபவர்களைக் கடலில் முக்கி எடுப்பதையே தொழிலாகக் கொண்டிருந்த மார்த்தா கன்னுக்கும் ஒரு டோபி உண்டு.

லண்டன் கோபுரக் காவலரின் முகம் கொண்ட டௌல்டன் குவளை. அடியில் 1946 என்று காப்புரிமை ஆண்டு தெளிவாக இருக்கிறது. அப்படியானால் இது 1946ல் செய்ததுதானே?

கைப்பிடியைப் பாருங்கள். அதில் 'ஜி ஆர்' என்று இருக்கிறதா, 'இ ஆர்' என்று இருக்கிறதா? முதலாவது மன்னர் ஜார்ஜ், இரண்டாவது ராணி எலிசபெத். அவர் அரியணை ஏறியது 1952ல். கைப்பிடியில் 'இ ஆர்' இருந்தால் அடியில் என்ன ஆண்டு போட்டிருந்தாலும் குவளை அதற்குப் பிந்தையது.

காப்புரிமை ஆண்டு சொல்வது வடிவத்தின் வயதை, உங்கள் கையில் உள்ள குவளையின் வயதை அல்ல. அதே அச்சில் பல பத்தாண்டுகள் வார்த்துக்கொண்டே இருந்திருப்பார்கள், அடியில் அதே ஆண்டு வந்துகொண்டே இருக்கும். 'ஆர் டி' என்று தொடங்கும் பதிவு எண்ணும் அப்படித்தான். அந்த எண் வரிசை 1884ல் தொடங்கியது, வடிவம் எப்போது பதிவானது என்பதை மட்டும் சொல்லும். 'டி' என்ற எழுத்தோடு வரும் எண் டௌல்டனின் மாதிரி எண். டௌல்டனில் உண்மையாகவே காலம் காட்டுவது சிங்கமும் கிரீடமும் உள்ள முத்திரைக்குப் பக்கத்தில் சில குவளைகளில் தெரியும் சின்ன 'ஏ'. அது ஏறத்தாழ 1939க்கும் 1955க்கும் இடைப்பட்ட காலத்தது.

நாட்டின் பெயரும் உதவும். அமெரிக்கா 1890ல் கொண்டுவந்த மெக்கின்லி சுங்கச் சட்டத்துக்குப் பிறகு, அங்கே போகும் சரக்கில் நாட்டின் பெயர் இருந்தாக வேண்டும். ஆகவே 'இங்கிலாந்து' என்று அச்சிட்ட குவளையை 18ஆம் நூற்றாண்டுச் சரக்கு என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகரலாம். 'ஆக்குபைடு ஜப்பான்' என்று இருந்தால் வேலை சுலபம். 1952 ஏப்ரலில் அந்த ஆக்கிரமிப்பு முடிந்துவிட்டது.

முத்திரையே இல்லாத ஒரு டோபி. 1780 வாக்கில் ஸ்டாஃபோர்ட்ஷயர் குயவர் ரால்ஃப் வுட் செய்தது என்று சொல்கிறார்கள். எப்படி நம்புவது?

முத்திரை இல்லை என்பதற்காகத் தள்ளிவிடாதீர்கள். பழைய டோபிகளில் பெரும்பாலானவற்றில் முத்திரை கிடையாது. பிற்காலத்தில் ரால்ஃப் வுட் பெயரையே பொறித்து வந்த போலிகளும் உண்டு. அதனால் பெயரை ஒதுக்கிவிட்டுப் பொருளைப் பார்ப்போம்.

முதலில் எடை. நல்ல பழைய டோபியைத் தூக்கினால் 'இவ்வளவுதானா' என்று தோன்றும். அப்புறம் நிறம். அந்தக் காலத்தில் நிறத்தை, பாண்டத்தின் மேல் கண்ணாடிபோல் படியும் மெருகிலேயே கலந்தார்கள்: மாங்கனீசு கருஞ்சிவப்புக் கலந்த பழுப்பைத் தரும், செம்பு பச்சையை, கோபால்ட் நீலத்தை. சூளையில் மெருகு உருகி ஓடும்போது கோட்டின் பச்சை கொஞ்சம் கால்சட்டையில் வழிந்திருக்கும், முகத்தில் பழுப்பு கசிந்திருக்கும். கண்ணும் உதடும் பொத்தானும் எல்லை தாண்டாமல் கச்சிதமாகத் தீட்டியிருந்தால் அது மெருகின் மேல் பூசிய எனாமல், பெரும்பாலும் பிந்தைய காலத்தது.

எனக்கு மிகப் பிடித்த சோதனை அளவுகோல். பழைய குவளை ஒன்றிலிருந்து அச்செடுத்துப் போலி செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். களிமண் காயும்போதும் வேகும்போதும் சுருங்கும், மண்ணைப் பொறுத்துப் பத்தில் ஒரு பங்கு வரைக்கும்கூட. ஆக நகல் எப்போதும் அசலைவிடக் குள்ளம். அருங்காட்சியகங்கள் தங்கள் டோபிகளின் உயரத்தைப் பட்டியலில் கொடுத்திருக்கும். அதே வடிவத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். உங்களுடையது இரண்டு சென்டிமீட்டர் குறைவாக இருந்து, தொப்பியின் விளிம்பும் விரல் நகங்களும் சோப்பு கரைந்ததுபோல் மழுங்கியிருந்தால் முடிவு தெரிந்துவிட்டது.

கடைசியாக அடிப்பக்கம். இருநூறு வருஷம் மேசைகளில் இழுபட்ட அடி ஒரே சீராகத் தேயாது. உட்காரும் இடங்களில் மட்டும் வழவழப்பாகியிருக்கும், கீறல்கள் கண்டபடி ஓடும். அடி முழுக்க ஒரே பழுப்பாக இருந்தால் அது தேநீரில் ஊறிய பழுப்பு.

தொப்பியின் நடுவில் பெரிய ஓட்டை இருக்கிறதே என்று கவலைப்பட வேண்டாம். அங்கே தனியாக ஒரு சின்ன மூடி இருந்திருக்கும், பெரும்பாலும் தொலைந்துபோயிருக்கும்.

மண்டையோட்டு வடிவத்தில் ஒரு ஜெர்மன் பீர்க்குவளை. அடியில் 'முஸ்டர்ஷுட்ஸ்' என்று இருக்கிறது. இது எந்தக் கம்பெனி?

கம்பெனியே இல்லை. 'வடிவம் காப்புரிமை பெற்றது' என்பதற்கான ஜெர்மன் சொல். 'கெஸ். கெஷ்.' என்று வரும் சுருக்கமும் அதே அர்த்தம்தான். தலையின் மேல்பாதி மூடியாகத் திறக்கும் இந்தப் பீங்கான் குவளைகளில் மிக நேர்த்தியானவை துரிங்கியாவின் பிளாவ் ஊரில் இருந்த ஷியர்ஹோல்ஸ் ஆலையில் செய்தவை. ஆனால் அந்தச் சொல் இருப்பதாலேயே அந்த ஆலை என்று சொல்லிவிட முடியாது.

தாடிக்கார முகம் பதித்த பழுப்பு ஜாடி. 'பெல்லார்மின்' என்கிறார்கள். சூனியத்துக்குப் பயன்படுத்தியது என்பது உண்மையா?

பாதி உண்மை. ஜெர்மனியின் ரைன் கரையில், கொலோனிலும் பக்கத்து ஃப்ரெகனிலும் செய்த ஜாடிகள் இவை. அங்கே பெயர் பார்ட்மான், அதாவது தாடிக்காரன். கத்தோலிக்கக் கர்தினால் ராபர்ட் பெல்லார்மின் பிறந்தது 1542ல். அவர் பெரிய ஆளாவதற்கு முன்பே இந்தத் தாடி ஜாடிகளில் வந்துவிட்டது. புராட்டஸ்டன்டுகளுக்கு அவரைக் கண்டால் ஆகாது, அதனால் கேலியாக ஒட்டிய பெயர் நின்றுவிட்டது.

மேற்பரப்பைத் தடவினால் ஆரஞ்சுத் தோல் போல இருக்கும். சூளை 1200 டிகிரி வாக்கில் கொதிக்கும்போது உப்பை அள்ளி உள்ளே வீசுவார்கள். சோடியம் ஆவியாகி மண்ணிலுள்ள சிலிக்காவோடு சேர்ந்து கண்ணாடியாகப் படியும். 16ஆம் நூற்றாண்டு முகங்களில் தாடியின் ஒவ்வொரு இழையும் தெரியும். 17ஆம் நூற்றாண்டு போகப் போக முகம் கோணலாகி, சிடுசிடுப்பாகி, கடைசியில் நாலு கோடாகிவிடும். எனக்கு அந்தக் கோணல் முகங்கள்தான் பிடிக்கும், விலையும் குறைவு. 19ஆம் நூற்றாண்டில் அங்கேயே பழைய பாணியில் ஏராளமாகச் செய்தார்கள், அதையும் நினைவில் வையுங்கள்.

சூனியக் கதைக்கு வருவோம். ஜாடியை அதற்காகச் செய்யவில்லை, மதுவுக்கும் எண்ணெய்க்கும் செய்தார்கள். 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில்தான் செய்வினையைத் திருப்பி அனுப்ப, இதற்குள் சிறுநீர், ஆணி, குண்டூசி, முடி எல்லாம் போட்டு அடைத்து வீட்டுக்கடியில் புதைத்தார்கள். 2004ல் லண்டன் கிரீனிச்சில் அடைப்புப் பிரியாமல் ஒன்று கிடைத்தது. உள்ளே நகத்துண்டுகளும், ஆணி பாய்ந்த இதய வடிவத் தோல் துண்டும் இருந்தன. உங்கள் ஜாடி அடைத்தபடி இருந்து, ஆட்டினால் சத்தம் வந்தால் தயவுசெய்து திறக்காதீர்கள். அருங்காட்சியகத்துக்கு எடுத்துப் போங்கள்.

டௌல்டன் குவளைதான், ஆனால் வண்ணமே இல்லை, முழுக்க வெள்ளை. முடிக்காமல் விட்டதா?

போர்க்காலச் சரக்காக இருக்கலாம். பிரிட்டனில் 1942 முதல் 1952 வரை வண்ணம் தீட்டிய பாண்டங்களை உள்நாட்டில் விற்க முடியாது, அவை ஏற்றுமதிக்கு மட்டும். வெறும் வெள்ளையாக வந்தவற்றில் பின்னாளில் யாராவது வீட்டில் வண்ணமடித்திருப்பதும் உண்டு. ஆகவே வெள்ளையை வெள்ளையாகவே வைத்திருங்கள்.

ஒட்டுப்போட்டதை எப்படிக் கண்டுபிடிப்பது?

இதில் எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. ஒருமுறை ஏலத்தில் ஆசையாக வாங்கிய மாலுமி முகத்தை வெந்நீரில் கழுவினேன். மூக்கு கையோடு வந்துவிட்டது. பட்டியலில் 'குறையற்றது' என்று போட்டிருந்தார்கள்.

அன்றிலிருந்து முதலில் மூக்கு, தொப்பி முனை, கைப்பிடி சேரும் இடம் மூன்றையும் தொட்டுவிடுவேன். மெருகு குளிர்ச்சியாக இருக்கும், பூச்சு வேலை கொஞ்சம் வெதுவெதுப்பாக, மெத்தென்று இருக்கும். சந்தேகம் வந்தால் பல்லில் லேசாகத் தட்டுங்கள். கண்ணாடி கடினமாக ஒலிக்கும், பிசின் மந்தமாகும். பார்க்க அசிங்கம்தான், விற்பவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். இருட்டில் புற ஊதா விளக்கு அடித்தால் பழுதுபார்த்த இடம் பெரும்பாலும் வேறு நிறத்தில் ஒளிரும். விரலால் சுண்டிப் பார்த்து ஒலி மந்தமாக இருந்தால் எங்கோ விரிசல் இருக்கலாம்.

டௌல்டன் முத்திரையின் குறுக்கே ஒரு கீறல் வெட்டியிருந்தால் அது உடைசல் இல்லை. இரண்டாம் தரம் என்று ஆலையே போட்ட அடையாளம். மெருகில் வலைபோல் ஓடும் நுண்விரிசலும் பழுது அல்ல. மெருகும் மண்ணும் வேறு வேறு அளவில் சுருங்குவதால் வருவது. ஆனால் அதற்குள் தண்ணீர் இறங்கும். ஊறவைக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள், தூக்கும்போது கைப்பிடியைப் பிடிக்காதீர்கள்.

இதில் காபி குடிக்கலாமா?

கூடாது. பழைய மெருகில் ஈயம் இருக்கிறது.

அமெரிக்க 'அசிங்க ஜாடி' ஒன்றை வாங்க நினைக்கிறேன். அந்தப் பெயரே உறுத்துகிறது.

உறுத்த வேண்டியதுதான். அந்தப் பெயர் பிற்காலத்தில் ஒட்டியது. முக ஜாடி என்றே சொல்லலாம். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தென் கரோலைனாவின் எட்ஜ்ஃபீல்டில், அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த ஆப்பிரிக்கக் குயவர்கள் செய்தவை அவை. சாம்பலும் மணலும் களிமண்ணும் கலந்த மெருகு உடம்புக்கு, கண்ணுக்கும் பல்லுக்கும் மட்டும் கயோலின் என்ற வெள்ளைக் களிமண். இரண்டு மண்ணும் வேறு வேறு விதமாகச் சுருங்கும். கண் தெறித்து விழாமல் சுட்டெடுப்பது பெரிய கைவேலை.

1858ல் 'வாண்டரர்' என்ற கப்பல் சட்டத்தை மீறி, காங்கோ பகுதியிலிருந்து ஏறத்தாழ நானூறு பேரை அடிமைகளாக அமெரிக்காவில் கொண்டுவந்து இறக்கியது. அவர்களில் பலர் எட்ஜ்ஃபீல்டுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். காங்கோ மரபில் சக்தி உறைவதாக நம்பிய சடங்குப் பொருள்களோடு இந்த முகங்களை ஆய்வாளர்கள் இணைத்துப் பார்ப்பது அதனால்தான். செய்தவர்களின் பெயர் பெரும்பாலும் நமக்குக் கிடைக்கவில்லை. அந்தக் காலத்து ஜாடி என்று சொல்லி உங்களிடம் யாராவது நீட்டினால், வந்த வழிக்கான காகிதம் இல்லாமல் தொடாதீர்கள். புதிய ஜாடி போதும் என்றால், ஜார்ஜியாவின் லானியர் மீடர்ஸ் போன்ற 20ஆம் நூற்றாண்டுக் குயவர்கள் தங்கள் பெயரைப் பொறித்தே கொடுத்திருக்கிறார்கள்.

முதலீடாக வாங்கலாமா?

வேண்டாம். சாதாரண டௌல்டன் முகங்கள் கணக்கில்லாமல் வார்க்கப்பட்டவை. ஒரு தலைமுறை ஆசையாகச் சேர்த்தது இப்போது மொத்தமாகச் சந்தைக்கு வருகிறது. 1940ல் வந்து சீக்கிரமே நின்றுபோன இரட்டைக் கைப்பிடி சர்ச்சில் போன்ற அபூர்வங்கள் வேறு கதை. தேடிப் பிடிப்பதும் வேறு கதை.

உங்களுக்கு ஒன்றே ஒன்று கிடைக்குமென்றால்?

மார்ட்டின் சகோதரர்களின் இரட்டைமுகக் குவளை. லண்டன் பக்கத்தில் சௌத்தாலில் நான்கு அண்ணன் தம்பிகள் நடத்திய பட்டறை. முன்னாலும் முகம், பின்னாலும் முகம், இரண்டும் ஏதோ ரகசியம் தெரிந்ததுபோல் சிரிக்கும். அச்சு முத்திரை கிடையாது. பச்சை மண்ணில் கையாலேயே பெயரையும் ஊரையும் தேதியையும் கீறியிருப்பார்கள். ஒரே ஒருமுறை ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். பழக்கதோஷம், இரண்டு மூக்கையும் தொட்டுப் பார்த்தேன். இரண்டும் குளிர்ந்துதான் இருந்தன.