கார்லோஸ் வரேலா கியூபாவில் ஏன் இவ்வளவு முக்கியமான பாடகர்?

முதல் காரணம், 1989-இல் வெளியான ‘கியர்மோ தெல்’ என்ற பாட்டு. மகன் தலையில் ஆப்பிளை வைத்து அம்பு விட்ட வில்லியம் டெல் கதைதான். ஆனால் வரேலாவின் பாட்டில் மகன் வளர்ந்துவிட்டான். இனி அப்பா தலையில் ஆப்பிள், வில் தன் கையில் என்கிறான். காஸ்ட்ரோவின் பெயரே வராது. இருந்தும் புரட்சித் தலைமுறையிடம் இளைஞர்கள் பேசும் பேச்சு அது என்று கேட்டவர்களுக்குப் புரிந்தது. எவ்வளவு துணிச்சல்!

1963-இல் ஹவானாவில் பிறந்த வரேலா நாடகம் படித்தவர். சில்வியோ ரோட்ரிகஸ் போன்ற பாடகர்கள் வளர்த்த, கியூபாவின் ‘புதிய பாடல்’ இயக்கமான நுவேவா த்ரோவா மரபில் ராக் இசையைக் கலந்தார். சோவியத் உதவி நின்று நாடு தவித்த 1990களில், பிரிந்துபோன குடும்பங்களின் வலியை ‘ஃபோட்டோ தே ஃபமிலியா’ (குடும்பப் படம்) பாட்டில் பாடினார். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். அப்புறம், அவருடைய ‘முரோஸ் இ புவெர்தாஸ்’ (சுவர்களும் கதவுகளும்) பாட்டை அமெரிக்கப் பாடகர் ஜாக்சன் பிரவுன் 2014-இல் ஆங்கிலத்தில் பாடி வெளியிட்டார்.