ஒற்றைப் பாதையில் ஓடும் டெல்டா: ஓய்வுபெற்ற ரயில்வே பொறியாளரிடம் கேள்வி பதில்

கும்பகோணம் வாசகர்: ஐயா, மின்மயமாக்கல் முடிந்த பிறகும் எங்கள் ரயில்கள் சிறிய நிலையங்களில் காத்துக் கிடப்பது ஏன்?

மின்மயமாக்கல் இஞ்சினைத்தான் மாற்றும். பொன்மலையிலிருந்து தஞ்சாவூர் வரை இரட்டைப் பாதை உண்டு. அங்கிருந்து கும்பகோணம், மயிலாடுதுறை வழியாக விழுப்புரம் வரை ஒற்றைப் பாதைதான். அதில் இரு நிலையங்களுக்கு இடையே எதிரெதிராக இரண்டு ரயில்களை விட முடியாது என்பதால், ஒன்று வந்து சேரும்வரை மற்றொன்று கிராசிங்குக்காக நிற்கிறது. ஒரு ரயில் பத்து நிமிடம் பிந்தினால் எதிரே வருவதும் பிந்துகிறது. 1920களின் இறுதியில் விருத்தாசலம் வழியாகத் திருச்சியையும் விழுப்புரத்தையும் இணைக்கும் குறுக்குப் பாதையான கார்டு லைன் வந்ததும் விரைவு ரயில்கள் பெரும்பாலும் அந்தப் பக்கம் போய்விட்டன. ‘மெயின் லைன்’ என்ற பெயர் மட்டும் நமக்கு மிஞ்சியது!

மயிலாடுதுறை மாணவி: வந்தே பாரத் விட்டால் நேரம் குறையாதா?

ஓரளவு குறையலாம், அம்மா. ஆனால் அதற்கு வழிவிட மற்ற ரயில்கள் கூடுதலாக நிற்க நேரும்.

பட்டுக்கோட்டை வணிகர்: தஞ்சாவூர்–பட்டுக்கோட்டைப் புதிய பாதை முதலில் வர வேண்டுமா, இரட்டைப் பாதையா?

உங்கள் ஊருக்குப் புதிய பாதை நியாயமான கோரிக்கைதான். ஆயினும் இரட்டைப் பாதையையே நான் முதலில் வைப்பேன். அதற்குக் கையகப்படுத்த வேண்டிய நஞ்சை மிகக் குறைவு. பலனோ நெல் மூட்டைகளை ஏற்றிச் செல்லும் சரக்கு ரயில்கள் உட்பட அனைத்துக்கும் கிடைக்கும்.

திருவாரூர் விவசாயி: ரயில் கரை மழைநீரைத் தேக்குகிறது. இன்னொரு பாதை போட்டால் எங்கள் வயல்கள் என்ன ஆவது?

இக்கேள்வியைத் திட்ட அறிக்கை எழுதுபவர்கள் முதலில் கேட்க வேண்டும். நம் தரைக்குச் சரிவு மிகக் குறைவாதலால், கரைக்கு மேற்கே தேங்கும் நீர் கிழக்கே கடலை நோக்கி வடிவதற்கு, பாசன வாய்க்கால்களுக்கு மட்டுமன்றி வடிகால்களுக்கும் போதிய அகலமுள்ள பாலங்கள் வேண்டும். பழைய குறுகிய பாலத்தின் அளவிலேயே பக்கத்தில் இன்னொன்றைக் கட்டுவது, இருக்கும் குறையை இரட்டிப்பாக்கும். காலமும் ஒரு நெருக்கடியே: மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-இல் திறக்கப்பட்டு ஜனவரி 28-இல் மூடப்படுவதால், வாய்க்கால்களில் அடித்தளம் போட ஆண்டுக்கு நான்கு மாதங்களே கிடைக்கின்றன. மழையில் வீங்கி வெயிலில் வெடிக்கும் நம் களிமண்ணும் கரைக்கு ஆகாது. தகுந்த மண்ணை வெளியிலிருந்துதான் கொண்டுவர வேண்டும். சீர்காழிக்கும் சிதம்பரத்துக்கும் இடையே கொள்ளிடத்தைக் கடக்கும் பாலமோ தனிப் பெரும் வேலை.

நாகப்பட்டினம் வாசகர்: பேரளம்–காரைக்கால் பாதையால் நெரிசல் குறையுமா?

1980களில் ரயில் நின்றுபோன அந்தச் சுமார் 23 கிலோமீட்டர் இப்போது அகலப்பாதையாக மீண்டும் அமைக்கப்பட்டுள்ளது. காரைக்கால் துறைமுகத்து நிலக்கரி ரயில்கள் நாகப்பட்டினம், திருவாரூர் என்று சுற்றாமல் நேரே பேரளம் வரலாம். உங்கள் பக்கம் நெரிசல் குறையும். அவை மயிலாடுதுறையில் வடக்கே திரும்பினால், மறுபடியும் அதே ஒற்றைப் பாதையில்தான் இடம் தேட வேண்டியிருக்கும்.