பண்டிகை வேண்டாம், பலகாரம் மட்டும் வேண்டுமா?

கேள்வி: நாகர்கோவில் பக்கம் பரம்பரைக் கிறிஸ்தவக் குடும்பம் எங்களுடையது. பெங்களூரில் வேலை. இங்கே நான் சேர்ந்திருக்கும் சபையில் கிறிஸ்துமஸ் கிடையாது. டிசம்பர் 25 ரோமர்களின் சூரியக் கடவுள் திருநாள், வேதத்தில் அப்படி ஒரு பண்டிகையே இல்லை என்று அங்கேதான் அறிந்துகொண்டேன். அதனால் இந்த வருடம் ஊருக்குப் போகவில்லை. பிள்ளைகளுக்குப் பிடிக்குமே என்று முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் மட்டும் பார்சல் போடச் சொன்னேன். அம்மாவுக்கு 70 வயது. போனில் அழுகிறார். உண்மையை அவருக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: முதலில் அந்தப் பார்சலைப் பேசுவோம், தம்பி. சூரியக் கடவுளெல்லாம் அப்புறம்.

முந்திரிக்கொத்து செய்வதை நீங்கள் பார்க்காதவரில்லை. சிறுபயறை வறுத்துத் திரிக்க வேண்டும். கருப்பட்டிப் பாகு ஆறுவதற்குள் உருண்டை பிடித்து, அரிசிமாவில் முக்கி, மூன்று மூன்றாக எண்ணெயில் விட வேண்டும். அச்சுமுறுக்கு அதைவிடப் பாடு. அச்சு மாவில் முழுக்க முங்கிவிட்டால் முறுக்கு கழன்றே வராது. 70 வயதில் இத்தனையும் செய்து, டப்பாவில் அடைத்து, கூரியர் கடைக்கும் அவர் நடக்க வேண்டும். நீங்கள் வர மாட்டீர்கள். பண்டிகை புறஜாதியாருடையது, பலகாரம் மட்டும் பரிசுத்தமா?

சரி, சரித்திரத்துக்கு வருவோம். வேதத்தில் தேதி இல்லை என்பது உண்மைதான். மீதியைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். ரோமில் கி.பி. 354-இல் தொகுத்த ஒரு நாள்காட்டியில் டிசம்பர் 25-க்கு எதிரே ‘வெல்லப்படாதவனின் பிறப்பு’ (அதாவது சூரியக் கடவுளின் பிறப்பு) என்றும், 30 தேர்ப் பந்தயங்கள் என்றும் எழுதியிருக்கிறது. அதே தொகுப்பில், 336 வாக்கில் எழுதப்பட்ட இன்னொரு பட்டியல், கிறிஸ்து பெத்லகேமில் பிறந்தது அந்த நாளில்தான் என்கிறது. ரோமப் பேரரசன் அவுரேலியன் 274-இல் சூரியனுக்குக் கோயில் கட்டினான், சரி. ஆனால் அவன் இந்தத் தேதியில் விழா எடுத்தான் என்பதற்கு அவன் காலத்துச் சான்று கிடையாது. இயேசு கருவானது மார்ச் 25 என்று வைத்து, ஒன்பது மாதம் கூட்டித்தான் டிசம்பர் 25-க்கு வந்தார்கள் என்று சொல்லும் அறிஞர்களும் உண்டு. யாரைப் பார்த்து யார் செய்தார்கள் என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. தீராத வழக்கை வைத்துக்கொண்டா பெற்றவளுக்குத் தீர்ப்புச் சொல்கிறீர்கள்?

ரோமர்களின் சாத்தர்னாலியா என்ற திருவிழாவையும் இதோடு சேர்த்துச் சொல்லியிருப்பார்கள். டிசம்பர் 17-ஆம் தேதி தொடங்கி 23 வரை போகும். அந்த நாட்களில் எஜமானே அடிமைகளுக்குச் சோறு பரிமாறுவதுண்டு. அந்த அஞ்ஞானிகளுக்கு இருந்த மரியாதை உங்களிடம் இல்லை.

கிறிஸ்துமஸை மனசாட்சிப்படி மறுத்தவர்கள் இருந்தார்கள். அமெரிக்காவில் மாசசூசெட்ஸில் குடியேறிய பியூரிட்டன்கள் என்ற கண்டிப்பான கிறிஸ்தவர்கள் 1659-இல் சட்டமே போட்டார்கள். அந்த நாளில் வேலைக்குப் போகாமல் இருந்தாலும் 5 ஷில்லிங் அபராதம், விருந்து உண்டாலும் 5 ஷில்லிங். 1681 வரை அது அமலில் இருந்தது. எனக்கு அவர்களோடு ஒத்துப்போகாது. ஆனால் வேண்டாம் என்றால் முழுசாக வேண்டாம் என்றார்கள். நீங்கள் 25-ஆம் தேதி ஆபீசுக்குப் போகப்போகிறீர்களா? லீவுதானே?

உங்கள் சபை உங்கள் விருப்பம். அதில் நான் தலையிட மாட்டேன். ஆனால் வேதத்தில் இல்லாததை இவ்வளவு தேடியவருக்கு, ‘உன் தகப்பனையும் உன் தாயையும் கனம்பண்ணுவாயாக’ என்று அதில் இருப்பது எப்படித் தப்பியது? அம்மா தேதிக்காக அழவில்லை. அவரிடம் அவுரேலியன் கதையை எடுக்கவே எடுக்காதீர்கள்.

22-ஆம் தேதியே ஊருக்குப் போங்கள். ரயிலில் இடமில்லையென்றால் பஸ். அடுப்படியில் நின்று எண்ணெய்ச் சட்டியை நீங்கள் பாருங்கள், அம்மா உட்கார்ந்து உருண்டை பிடிக்கட்டும். ஆராதனைக்குப் போக மனமில்லையென்றால் அவரைக் கோயில் வாசலில் விட்டுவிட்டு, முடிந்ததும் போய் அழைத்து வாருங்கள். பிள்ளைகள் பாட்டியோடு உள்ளே போகலாமா என்பதை மனைவியிடமும் கேட்டு முடிவு செய்யுங்கள். இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள், மனைவி என்ன நினைக்கிறார் என்று ஒரு வரிகூட இல்லை.