காமாலையோடு பகல் தூக்கமும் சேர்ந்தால்

கேள்வி: அப்பாவுக்கு 56 வயது, மூன்று வருடமாக சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறி இறுகிப்போகும் நோய்). குடியை விட்டுவிட்டார், நன்றாகத்தான் இருந்தார். பத்து நாளாகக் கண் மஞ்சள், வயிறு உப்பல். பகலெல்லாம் தூங்கிவிட்டு ராத்திரி விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மூட்டுவலிக்கு ஏதோ நாட்டுச் சூரணம் சாப்பிட்டு வந்தார். டாக்டரைப் பார்க்க அடுத்த மாதம்தான் தேதி. அதுவரை காமாலைக்குப் பச்சிலை கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். தேதி வரை காத்திருக்கவும் வேண்டாம். இன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.

மஞ்சளைவிட எனக்குக் கவலை தருவது அந்தத் தலைகீழ்த் தூக்கம்தான். கல்லீரல் வடிகட்ட வேண்டிய அம்மோனியா போன்ற கழிவுகள் மூளையைத் தொட ஆரம்பித்ததற்கு முதல் அடையாளமே அதுதான். அவரைக் கையை நீட்டி, போக்குவரத்துக் காவலர் வண்டியை நிறுத்துவதுபோல உள்ளங்கையை நிமிர்த்திப் பிடிக்கச் சொல்லுங்கள். மணிக்கட்டு சட்டென்று தொய்ந்து தொய்ந்து எழுந்தால் சந்தேகமே இல்லை. தொய்யாவிட்டாலும் கிளம்புங்கள். தூக்கம் வரட்டும் என்று தூக்க மாத்திரை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

பழைய நோயை ஓரளவு சமாளித்துக்கொண்டிருந்த கல்லீரல், புதிதாக ஒரு அடி விழுந்ததும் சட்டென்று படுத்துவிடுவது இது. ரத்தத்தில் மஞ்சள் நிறமியான பிலிருபின் 5 மி.கி./டெ.லி., ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் 1.5 என்ற அளவுகளைத் தொட்டு, நான்கு வாரத்துக்குள் வயிற்றில் நீரோ புத்தித் தடுமாற்றமோ வந்தால் அப்படித்தான் எடுத்துக்கொள்வோம். அடி எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பதில்தான் சிகிச்சையே இருக்கிறது. மறுபடி குடித்தாரா, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் தலைதூக்கியதா, கெட்ட தண்ணீரில் வரும் ஹெபடைடிஸ் இ-யா, காசநோய் மாத்திரையா, கறுப்பாகத் தார் மாதிரி மலம் போய் ரத்தம் இழந்தாரா? உங்கள் அப்பா விஷயத்தில் அந்தச் சூரணத்தின்மேல்தான் என் சந்தேகம்.

வயிற்றிலிருந்து கொஞ்சம் நீர் எடுத்துப் பார்ப்பார்கள். 'நீரை எடுத்தால் ஆள் தேறமாட்டார்' என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஒரு கன மில்லிமீட்டரில் நியூட்ரோபில் என்ற வெள்ளை அணுக்கள் 250-ஐத் தாண்டினால் நீரில் கிருமி இருக்கிறது என்று அர்த்தம். ஆன்டிபயாடிக்கை உடனே தொடங்க வேண்டும்.

சிலர் காரணம் நீங்கியதும் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறார்கள். மற்றவர்களுக்குச் சில வாரங்கள்தான் அவகாசம். அதனால் கல்லீரல் மாற்று சிகிச்சை பற்றி முதல் நாளே கேட்டுவிடுங்கள். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் செய்கிறார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள்.

அப்புறம், அந்தச் சூரணத்தை நிறுத்துங்கள், ஆனால் பொட்டலத்தைத் தூக்கி எறிய வேண்டாம். அதையும் கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள். திட்டு விழும் என்று மறைப்பவர்கள்தான் அதிகம்.