கழற்றும் தகட்டைக் கைவிடாதீர்கள்

கேள்வி: மலையில் விழுந்த அம்மாவின் தொடையெலும்பில் வைத்த தகடு எட்டே மாதத்தில் முறிந்துவிட்டது. மறுபடியும் ஒப்பரேஷனாம். நட்டஈடு கேட்கலாமா?
– வாசகி, ஹட்டன்

பதில்: கேட்கலாம். ஆனால் முறிந்த தகடெல்லாம் பழுதான தகடல்ல. எலும்பு பொருந்தாவிட்டால் நல்ல தகடும் பாரம் தாங்கித் தாங்கி முறியும். எது காரணம் என்பதைத் தகட்டைச் சோதித்துத்தான் சொல்லலாம். ஆகவே அதையும் திருகாணிகளையும் வீசாமல் தரும்படி ஒப்பரேஷனுக்கு முன்பே எழுதிக் கொடுங்கள். பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். வாய்ச்சொல் தியேட்டர் வாசலோடு போய்விடும். எக்ஸ்ரேக்களும், தகட்டின் தொகுதி இலக்கமும் (எந்தத் தயாரிப்புத் தொகுதியில் வந்தது என்று காட்டும் எண்) வேண்டும். இந்த விவரங்களைத் தர அரச ஆஸ்பத்திரி மறுத்தால், தகவலறியும் சட்டப்படி விண்ணப்பியுங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

கவனயீனத்துக்கான வழக்குக் காலம் 2 வருடமே. அரசுக்கு எதிரானால் சட்டமா அதிபருக்கு ஒரு மாத முன்னறிவித்தலும் அதற்குள் அடங்க வேண்டும். வக்கீலுக்குப் பணமில்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடுங்கள்.